மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை: எச்சரிக்கைக் கட்டம் ஏன் வந்தது, ஏன் நீங்கியது?

மெனோபாஸ் கால உபாதைகளுக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளின் விவரக் குறிப்பில், அமெரிக்காவில் 2003 முதல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை ஒன்று இடம்பெற்று வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் என்று ஒரு பட்டியல். பிறகு மறதிநோயும் அதில் சேர்ந்துகொண்டது. 2025 நவம்பர் 10 அன்று, அந்த நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., இந்த எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. குழப்பமும் கூடவே பரவியது.

இருபத்திரண்டு ஆண்டுகள் பயமுறுத்திவிட்டு இப்போது பயப்பட வேண்டாம் என்றால், அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு அடிப்படையாக இருந்த ஆய்வின் எண்கள் இன்றும் பொய்யாகிவிடவில்லை. ஒரு குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த முடிவை, எல்லா வயதுக்கும் எல்லா வகை மருந்துக்கும் இழுத்துப் பொருத்தியதில்தான் கோளாறு. இது புரிய வேண்டுமானால் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## சினைப்பை ஓயும்போது

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. மெனோபாஸ்: கடைசி மாதவிடாய் வந்து பன்னிரண்டு மாதங்கள் முழுதாகக் கடந்துவிட்ட நிலை. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் வரும்.
2. பெரிமெனோபாஸ்: அதற்கு முந்தைய சில ஆண்டுகள். மாதவிடாய் முன்னும் பின்னுமாகத் தடுமாறும். ஹார்மோன் அளவு சீராக இறங்காது. ஒரு வாரம் உச்சத்தில் இருக்கும், அடுத்த வாரம் அடியில் கிடக்கும். அதனால்தான் 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இன்று எடுத்த அளவு அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அறிகுறிகளும் மாதவிடாய்க் கணக்குமே போதும்.
3. முன்கூட்டிய சினைப்பை செயலிழப்பு: 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்துவிடுவது. இவர்களுக்கான கணக்கே வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சினைப்பை சுரக்கும் முக்கிய ஹார்மோன்கள் இரண்டு: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன். ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையில் மட்டும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பு, ரத்தக்குழாய், தோல், சிறுநீர்ப்பாதை, மூளை என்று உடல் முழுக்க அதற்கு வேலை உண்டு. அது குறையும்போது எந்த உறுப்பு முதலில் முறையிடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அதிகம் பேருக்கு முதலில் முறையிடுவது மூளைதான். அதன் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது; உடலின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது அதன் பொறுப்பு. வழக்கமாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அங்குள்ள ஒருவகை நரம்பணுக்கள் பெருத்து, அளவுக்கு மீறித் துடிக்கத் தொடங்குகின்றன. பொறுத்துக்கொள்ளும் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. வெப்பம் இம்மி ஏறினாலும் போதும், உடல் தீப்பிடித்ததைப் போல மூளை உத்தரவு போடுகிறது. தோலடி ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிகின்றன. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று அனல் ஏறுகிறது. இதயம் படபடக்கிறது, வியர்வை கொட்டுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கி, நனைந்த உடையோடு குளிரெடுக்கிறது. இதுதான் ஹாட் ஃப்ளாஷ். இரவில் வந்தால் தூக்கம் கலையும். ஓர் இரவில் நான்கைந்து முறை இப்படி எழுந்தவரிடம், மறுநாள் ஏன் எரிச்சலாக இருக்கிறாய், ஏன் எதுவும் நினைவில் நிற்பதில்லை என்று கேட்பது கொடுமை.

நான்கில் மூன்று பெண்களுக்கு இது ஏதாவது ஓர் அளவில் வருகிறது. ஓரிரு ஆண்டுகளில் போய்விடும் என்று ஆறுதல் சொல்வது வழக்கம். ஆனால் அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. “பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்” என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

## சிகிச்சையில் என்ன இருக்கிறது?

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைச் சிறிய அளவில் திரும்பக் கொடுப்பதுதான் இதன் சாரம். அறிகுறியை அடக்குவதில் இதற்கு இணையான மருந்து இதுவரை இல்லை. மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தாலும் ஹாட் ஃப்ளாஷ் ஓரளவு குறையும் என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. அதையும் கழித்த பிறகே, ஹார்மோன் எடுத்தவர்களுக்கு வாராந்தர எண்ணிக்கை சுமார் 75 சதவீதம் குறைந்திருந்தது. எலும்பு தேய்வதையும் இது தடுக்கிறது.

அப்படியானால் புரோஜெஸ்டிரோன் எதற்கு? இதற்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை அமெரிக்காவில் 1942-இல் அனுமதி பெற்றது. அடுத்த முப்பது ஆண்டுகள் அதைத் தனியாகவே கொடுத்தார்கள். 1975-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அதைச் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பை உள்சுவரில் புற்றுநோய் பல மடங்கு கூடுவதைக் காட்டின. ஈஸ்ட்ரோஜன் அந்த உள்சுவரை வளரச் செய்கிறது. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வளர்ச்சி எல்லை மீறும். நிறுத்தச் சொல்லும் ஆள்தான் புரோஜெஸ்டிரோன். அதையும், அதைப் போலவே செயல்படும் செயற்கை மருந்துகளையும் சேர்த்துப் புரோஜெஸ்டோஜன் என்பார்கள்.

ஆகவே இன்றைய விதி எளிது: கருப்பை இருக்கும் பெண்ணுக்கு இரண்டும் சேர்த்து; கருப்பையை அகற்றியவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும். எஃப்.டி.ஏ. இப்போது எச்சரிக்கைகளை நீக்கச் சொன்னபோதும், உடல் முழுக்கப் பரவும் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் உண்டு என்ற வரியை மட்டும் கறுப்புக் கட்டத்துக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறது. அதற்குக் காரணம் இந்த 1975 பாடம்தான்.

## 2002 ஜூலையில் நடந்தது

தொண்ணூறுகளில் இந்த மருந்து உபாதைக்கான நிவாரணம் என்ற நிலையைத் தாண்டி, இதயத்தைக் காக்கும் மருந்தாகவும் எழுதித் தரப்பட்டது. ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று பின்தொடர் ஆய்வுகள் காட்டின. ஆனால் ஹார்மோன் எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள். பலன் மருந்தால் வந்ததா, அவர்கள் வாழ்ந்த விதத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதைத் தீர்க்கத்தான் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மாபெரும் ஆய்வை நடத்தியது.

கருப்பை உள்ள 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்குப் போலி மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது, பலனைவிடத் தீங்கு மிஞ்சுகிறது என்று 2002 ஜூலையில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். “மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்” என்பது தலைப்புச் செய்தி ஆனது. பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். மருத்துவர்களும் எழுதித் தர அஞ்சினார்கள்.

இந்த 26 சதவீதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 10,000 பெண்கள் ஓர் ஆண்டு போலி மாத்திரை சாப்பிட்டால் அவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட 10,000 பேரில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். முப்பதில் எட்டு என்பது கிட்டத்தட்ட 26 சதவீதம். பத்தாயிரத்தில் எட்டு என்பது 0.08 சதவீதம். இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். முதலாவதை ஒப்பீட்டு அபாயம் என்றும், இரண்டாவதை நேரடி அபாயம் என்றும் சொல்லலாம். தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் பெண்ணுக்கு இரண்டாவது எண்தான் தேவை. அவள் கையில் கொடுக்கப்பட்டதோ முதல் எண்.

அதே பத்தாயிரம் பேர் கணக்கில் மற்றவை: மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய் 7 பேருக்குக் கூடுதல், பக்கவாதம் 8 பேருக்குக் கூடுதல், நுரையீரலில் ரத்தக்கட்டி 8 பேருக்குக் கூடுதல். பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்குக் குறைவு, இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. மொத்த இறப்பில் வித்தியாசம் இல்லை. 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கிலும் இல்லை.

## தலைப்புச் செய்தியில் இடம் பெறாதவை

1. வயது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஐந்தில் ஒருவர் எழுபதைத் தாண்டியவர். அனலில் வேகும் 50 வயதுப் பெண்ணுக்கு நிவாரணம் கொடுக்கலாமா என்ற கேள்வியை இந்த ஆய்வு கேட்கவே இல்லை. மெனோபாஸ் முடிந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்குப் புதிதாக ஹார்மோன் கொடுத்தால் இதயநோய் தடுக்கப்படுமா என்பதுதான் அதன் கேள்வி. தடுக்கப்படாது என்பது அதற்கு நேர்மையான பதில். ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்துவிட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் உதவுவதைவிடத் தொந்தரவு தரக்கூடும். மெனோபாஸ் தொடங்கிய 10 ஆண்டுகளுக்குள், அல்லது 60 வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு இதய அபாயம் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை. மறதிநோய் எச்சரிக்கையும் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய துணை ஆய்விலிருந்து வந்ததுதான்.

2. எந்த ஹார்மோன். இதே திட்டத்தில், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்து இன்னோர் ஆய்வு நடந்தது. பக்கவாதம் கூடியதால் அது 2004-இல் நின்றது. ஆனால் அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்ட காலப் பின்தொடர்தலில் போலி மாத்திரைக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தது. அப்படியானால் மார்பக அபாயத்தில் பெரும்பங்கு, கூடச் சேர்த்த செயற்கைப் புரோஜெஸ்டோஜனுடையது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த முடிவு முதல் ஆய்வைப் போலத் தலைப்புச் செய்தி ஆகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

3. எந்த வழி. ஆய்வில் கொடுத்தது மாத்திரை. இன்று தோல் வழியே செல்லும் மருந்துகள் வந்துவிட்டன. இது சாதாரண வேறுபாடு இல்லை.

## மாத்திரைக்கும் பேட்சுக்கும் நடுவில் கல்லீரல்

விழுங்கிய மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு, உடலுக்குப் போகும் முன் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல்தான் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் தொழிற்சாலை. மொத்தமாக வந்து இறங்கும் ஈஸ்ட்ரோஜன் அந்தத் தொழிற்சாலையை முடுக்கிவிடுகிறது. காலில், நுரையீரலில் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுவது இதனால்தான்.

பேட்ச் என்பது கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டுத்தாள். இடுப்புக்குக் கீழே, அடிவயிற்றிலோ பிட்டத்திலோ, எண்ணெயும் கிரீமும் படாத தோலில் ஒட்டி, சில நொடிகள் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான வகைகளை வாரம் இருமுறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். மார்பகத்தில் ஒட்டக் கூடாது. வழக்கமான ஒரு பேட்சிலிருந்து நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு, தோலைக் கடந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலின் முதல் சோதனைச் சாவடி இங்கே இல்லை. கையிலோ தொடையிலோ தடவும் ஜெல்லும் இதே வழிதான்.

பிரிட்டனில் பல்லாயிரம் பெண்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2019-இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி அபாயம் கூடியிருந்தது. பேட்ச், ஜெல் பயன்படுத்தியவர்களுக்குக் கூடவில்லை. இது பதிவுகளை வைத்துப் பார்த்ததுதான், குலுக்கல் முறை ஆய்வு இல்லை. ஆனாலும் உடல் இயங்கும் விதத்தோடு பொருந்திப் போவதால், உடல் எடை கூடியவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், ரத்தக்கட்டி வாய்ப்பு உள்ளவர்கள் ஆகியோருக்குத் தோல் வழி மருந்தையே மருத்துவர்கள் முதலில் யோசிக்கிறார்கள்.

## மார்பகப் புற்றுநோய்: குறைத்தும் சொல்லக் கூடாது

எச்சரிக்கைக் கட்டம் போனதும் அபாயமே போய்விட்டது என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதை ஏற்க முடியாது. உலகெங்கும் நடந்த 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு இப்படிக் கணக்கிட்டது: ஹார்மோன் எடுக்காத மேலை நாட்டுப் பெண்கள் 100 பேரில் 6.3 பேருக்கு, 50 முதல் 69 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் இரு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால் அது 8.3 ஆகும். ஐம்பது பேரில் ஒருவர் கூடுதல். புரோஜெஸ்டோஜனை மாதத்தில் சில நாள் மட்டும் எடுத்தால் எழுபதில் ஒருவர். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறில் ஒருவர்.

ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு ஒரு பெரிய ஆய்வு குறைவு என்கிறது, இந்தப் பகுப்பாய்வு லேசான கூடுதல் என்கிறது. முரண்பாடுதான், இன்னும் தீரவில்லை. இரண்டுமே ஒத்துப்போகும் இடம், இரு ஹார்மோன்களும் சேரும்போதுதான் அபாயம் தெளிவாகக் கூடுகிறது, காலம் நீள நீள அது ஏறுகிறது என்பது. உடலில் சுரப்பதை அப்படியே ஒத்த நுண்துகள் புரோஜெஸ்டிரோன், பழைய செயற்கை வகைகளைவிட மார்பகத்துக்குப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று பிரான்சில் நடந்த பின்தொடர் ஆய்வு சுட்டுகிறது. நம்பிக்கை தரும் செய்தி, முடிந்த முடிவு இல்லை.

இருதயத்தைக் காக்கும், மறதிநோயைத் தடுக்கும் என்று சொல்லி உபாதை ஏதும் இல்லாத பெண்ணுக்கு ஹார்மோன் கொடுப்பதற்கும் இன்று போதிய ஆதாரம் கிடையாது. 2025 அறிவிப்பை ஒட்டி இப்படிப்பட்ட பலன்கள் தாராளமாகப் பேசப்பட்டன. தொண்ணூறுகளில் செய்த அதே தவறு மறுபடி தலைகாட்டுகிறது.

## அதிகம் பேசப்படாத அநியாயம்

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்கிறது. எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. ஹாட் ஃப்ளாஷ் காலப்போக்கில் தணியும். இது தானாகத் தணியாது, ஆண்டுகள் ஏற ஏறக் கூடும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு எத்தனையோ பெண்கள் இந்த வலியோடே முதுமையைக் கழிக்கிறார்கள்.

இதற்கு அந்த இடத்தில் மட்டும் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. 10 மைக்ரோகிராம் வில்லையை முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வைப்பது ஒரு வழக்கமான முறை. கணக்குப் போட்டால் முதல் ஆண்டு முழுவதற்கும் 1.14 மில்லிகிராம். வாயால் விழுங்கும் சாதாரண ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்றிலேயே 1 மில்லிகிராம் இருக்கிறது! ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. கூடவே புரோஜெஸ்டிரோன் எடுக்கும் தேவையும் பொதுவாக இல்லை. இந்தக் குறைந்த அளவு மருந்தின் மேலும் 22 ஆண்டுகள் அதே மாரடைப்பு, புற்றுநோய், மறதிநோய் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வாங்கிவந்து, உள்ளே இருந்த தாளைப் படித்துவிட்டு, பிரிக்காமலே ஒதுக்கி வைத்த பெண்கள் ஏராளம். 2025 மாற்றத்தில் எந்தத் தயக்கமும் இன்றி வரவேற்க வேண்டிய பகுதி இதுதான்.

## யாருக்குக் கூடாது, யாருக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும்

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ரத்தக்கட்டியோ கண்டவர்கள், தீவிரக் கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள் ஆகியோருக்கு உடல் முழுக்கப் பரவும் ஹார்மோன் பொதுவாகத் தரப்படுவதில்லை.

இவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. குறைந்த அளவில் சில மனச்சோர்வு மருந்துகள் ஹாட் ஃப்ளாஷைத் தணிக்கும். இவற்றில் பாராக்சிடின், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும் என்பதால் அந்த மருந்தில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் முறையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் உதவுகிறது. முன்னே சொன்ன அந்தத் துடிக்கும் நரம்பணுக்களையே குறிவைக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோன் கலப்பே இல்லாதது. ஆனால் கல்லீரல் பாதிப்பு பற்றிய கறுப்புக் கட்ட எச்சரிக்கை 2024 டிசம்பரில் இதற்கும் வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும்.

மறுபக்கம், 40 வயதுக்கு முன்பே சினைப்பை ஓய்ந்தவர்கள், அல்லது இளம் வயதில் அறுவை சிகிச்சையில் இரு சினைப்பைகளையும் இழந்தவர்கள். 2002 ஆய்வின் எண்களை இவர்கள் மேல் போட்டுப் பார்ப்பதே தவறு. இயல்பாக இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உடலில் இருந்திருக்க வேண்டிய ஹார்மோனைத்தான் இவர்கள் திரும்பப் பெறுகிறார்கள். எடுக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் முன்கூட்டியே பாதிக்கப்படும். தடை ஏதும் இல்லாவிட்டால் சுமார் 50 வயது வரை எடுக்கும்படியே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

## தொடங்கிய பிறகு

1. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதத்தில் மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்துகொண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தேவையை மறுபடி எடைபோட வேண்டும்.
2. இது கருத்தடை மருந்து இல்லை. பெரிமெனோபாஸில் கருத்தரிக்க இன்னும் வாய்ப்பு உண்டு என்பதால் கருத்தடையைத் தனியாகத் தொடர வேண்டும்.
3. நிறுத்துவதற்கு எல்லோருக்கும் பொதுவான தேதி கிடையாது. படிப்படியாகக் குறைத்தால் உடனடியாக உபாதை திரும்புவது குறையலாம். சட்டென்று நிறுத்தினாலும் நீண்ட காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எலும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு மட்டும் நிறுத்திய பின் மெல்லக் கரையும்.
4. முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற ரத்தக்கசிவு வரலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றுபோன பின் புதிதாகத் தொடங்கினாலோ, “மருந்தால் வருகிறது” என்று விட்டுவிடாமல் கருப்பையின் உள்சுவரை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஹார்மோனே எடுக்காத பெண்ணுக்கு மெனோபாஸுக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அதே பரிசோதனை, தாமதமில்லாமல்.